அம்மா ஊருக்குப் போகவில்லை

பாப்பா,

உனக்கு இப்போது நான்கு வயது. ‘அ’வும் ‘ஆ’வும் எழுதுவாய். ‘இ’ வந்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு நிற்பாய். ஆகவே இதை நீ இப்போது வாசிக்கப் போவதில்லை. வளர்ந்து, ஒரு வேலைக்கோ ஒரு கல்யாணத்துக்கோ இந்தத் தோட்டத்தை விட்டுக் கிளம்புகிற நாளில் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அன்றைக்கு நான் உன் பக்கத்தில் இருப்பேனா, இருந்தாலும் இதையெல்லாம் வாயால் சொல்லக்கூடியவனாக இருப்பேனா, தெரியாது. பேச்சு எனக்கு எப்போதும் சுணங்கித்தான் வரும். இந்த வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசியவள் உன் அம்மா. அவள் போன மழைக்காலத்தில் செத்துப்போனாள். மறு மழை தொடங்கிவிட்டது. தொழிற்சாலையில் மோட்டர்கள் ஓடுகிற சத்தத்துக்குப் பக்கத்தில், எனக்கென்று இருக்கிற சின்ன அறையில், பகல் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வேறு யாராவது வாசித்தாலும் பரவாயில்லை. என்னைப் பற்றி எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள்.

நான் தேயிலைத் தொழிற்சாலையின் எலெக்ட்ரீஷியன். பதுளையில் டெக்னிக்கல் கொலிஜில் படித்தவன். எந்த மோட்டர் எரிந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பெயாரிங் இறுகியிருக்கும், மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒரு பேஸ் போயிருக்கும், இல்லாவிட்டால் ஈரம் இறங்கியிருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உன் அம்மா செத்ததற்கும் டாக்டர் காரணம் சொன்னார். மூளையில் ஓர் இரத்தக் குழாய் பிறந்ததிலிருந்தே மெலிந்து இருந்திருக்கிறது, அது வெடித்துவிட்டது, யாரும் முன்கூட்டித் தெரிந்திருக்க முடியாது என்றார். பொறுமையாக ஒரு தாளில் படம்கூட வரைந்து காட்டினார். நான் தலையை ஆட்டினேன். எல்லாம் புரிந்தது. புரிந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமே இல்லாத பழுதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

அன்று காலையில் அவள் என்னோடு சண்டை போட்டாள். பெரிய சண்டை இல்லை. “ஊரு வீட்டு வயரெல்லாம் பாக்குற ஆளு, நம்ம வீட்டு அயன் பொட்டி மட்டும் மாசக்கணக்கா அப்படியே கெடக்கு. நாளைக்கு நா பாஸ்டர்கிட்ட சொல்லி ஜெபம் பண்ணித்தான் அத எரிய வைக்கணும் போல” என்றாள். “ஜெபம் பண்ணுனா பியூஸ் போயிரும்” என்றேன். சிரித்துவிட்டு, உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். கொழுந்து பறிக்கப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் அந்தக் காம்பராவைப் பார்த்துக்கொள்வதுதான் அவளுடைய வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுப்பாள். அதனால் தோட்டத்தில் அவள் மலர் டீச்சர். அன்று சாயங்காலம், பிள்ளைகளை அம்மாக்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கதவைப் பூட்டுகிற நேரத்தில் விழுந்தாள். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

அவளை நாலாம் நம்பர் தேயிலை மலைக்குக் கீழே இருக்கிற கல்லறையில் அடக்கம் செய்தோம். அந்த நேரத்தில் உன்னைப் பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா வைத்திருந்தார். நீ அழுதிருக்கிறாய், அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறாய். அவர் உன்னைச் சமாதானப்படுத்த, “அம்மா ஊருக்குப் போயிருக்குடி தங்கம், வந்துரும்” என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷி. அந்த ஒரு வார்த்தையை அன்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அடுத்த நாள், எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்தில் எல்லாரும் அதையே சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ என் முகத்தைப் பார்த்து, “அம்மா ஊருக்கா போயிருக்கு?” என்று கேட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்ததை நீ ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தது. கொழுந்து வாட்டுகிற மாடியில் மின்விசிறிகள் நின்றுவிட்டன, அப்படியே விட்டால் வந்த கொழுந்தெல்லாம் அவிந்துபோகும், பார்க்க ஆள் இல்லை. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா என்னைக் கூப்பிடவில்லை. எந்தப் பெட்டியைத் திறக்கலாம் என்று கேட்கத்தான் அனுப்பியிருந்தார். நான் எழுந்து காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன். கேத வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் கொண்டுவந்த ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தொடாமலே கிடக்க, போனேன். போய் அதைச் சரிசெய்தேன். என் கை நடுங்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அழுகை வரவில்லை, பசி வரவில்லை, கோபம்கூட வரவில்லை. பொண்டாட்டி செத்த மறுநாளே சப்பாத்து மாட்டிக்கிட்டான் என்ற பேச்சு அன்று மத்தியானத்துக்குள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க் கணக்கு வரைக்கும் போய்விட்டது. வளர்ந்த பிறகு நீயும் இதைக் கேள்விப்படுவாய். கேள்விப்பட்டால் ஆமாம் என்று சொல். அது உண்மை.

எங்கள் போதகர் என்னைவிட வயதில் சின்னவர், அப்போதுதான் புதிதாக வந்திருந்தார். மோட்டர் சைக்கிளில் வந்து, ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.  பிறகு, “ஜனங்க பேசுறது காதுல விழுந்துச்சாண்ணே?” என்று கேட்டார்.

“விழுந்துச்சுங்க ஐயா.”

“பைபிள்ல ஒருத்தர் இருக்காரு. சம்சாரம் செத்த மறுநாள் காலையில செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய போனவரு. எசேக்கியேல். தீர்க்கதரிசி.”

“அவரு ஏன் போனாரு?”

“போகச் சொன்னாங்க.”

“யாரு?”

போதகர் விரலால் மேலே காட்டினார். மேலே தகரம்தான் இருந்தது, அதில் மழை பெய்துகொண்டிருந்தது. அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். நான் மட்டும் அப்படிச் செய்தவன் இல்லை என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஆனால் சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது. ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல ஏதோ தேவநோக்கம் இருக்குன்னு சொல்ல வந்தீங்களா ஐயா?” என்று கேட்டேன். “எனக்குத் தெரியலண்ணே. தெரியும்னு சொன்னா பொய்யாயிரும்” என்றார். அதற்காகத்தான் இன்றைக்கும் நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கர்த்தருக்கு ஒரு திட்டம் இருக்கும் என்றார்கள். பூவைப் பறித்துக்கொண்டார் என்றார்கள். பாப்பா, நீ எந்தக் கேத வீட்டுக்குப் போனாலும் இதைச் சொல்லாதே. கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார். அடுப்பில் தண்ணீர் வை. திட்டத்தைப் பற்றிப் பேசாதே.

எசேக்கியேல் என்ற பெயர் எனக்குப் புதிதில்லை. உன் அம்மா சாகுமுன் சில வாரங்களாகப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன ஜனங்களின் கதை. நம் வேதத்தில் அதற்குச் சிறையிருப்பு என்று பெயர். நான் கோயிலின் பின்பக்கம் மைக் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முன்னால் அவளும் பிள்ளைகளும்.

“சிறையிருப்புன்னா ஜெயில்ல போட்டாங்களா டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

“ஜெயில் இல்ல. வீடு இருக்கும், வேல இருக்கும், கடைக்குப் போகலாம், கல்யாணம் கட்டலாம். ஊருக்கு மட்டும் போக ஏலாது.”

“அப்ப நம்மள மாதிரியா?”

“அவங்க காலையில பெரட்டுக்குப் போவாங்களா டீச்சர்?” என்றது இன்னொன்று. விடிந்ததும் எல்லாரும் கூடி நின்று வேலை வாங்கிக்கொண்டு போகிற பெரட்டு இல்லாத உலகம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

“பெரட்டு இருந்திச்சான்னு எழுதல. ஆனா கங்காணி ஒருத்தர் கண்டிப்பா இருந்திருப்பாரு” என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு கங்காணியின் பேரனும் சிரித்தான். அதன் பிறகு, எசேக்கியேல் ஆற்றோரத்தில் கடவுளைக் கண்ட கதையைச் சொன்னாள். கடவுளுடைய சிம்மாசனத்துக்குக் கீழே சக்கரங்கள் இருந்தன. ஏன் சக்கரம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். “அவரோட ஜனங்கள புடிச்சிட்டுப் போயிட்டாங்கல்ல. அவரு மட்டும் கோயில்ல ஒக்காந்துக்கிட்டு இருப்பாரா? பின்னாலயே வரணும்ல” என்றாள். “லொறியிலயா டீச்சர்?” “லொறின்னே வச்சுக்க. நம்ம ரோட்டுக்குக்கூட வருவாரு.” வீட்டுக்குப் போகிற வழியில் நான் அவளைச் சீண்டினேன். சக்கரத்துக்குள் சக்கரம் என்று எழுதியிருக்கிறது, அப்படிச் செய்தால் எந்தப் பெயாரிங்கும் தாங்காது என்றேன். “கடவுளுக்கே வயரிங் சொல்லிக் குடுப்பீங்க போல” என்றாள். அந்தப் பாடத்தில் அவள் சக்கரம் வரைக்கும்தான் வந்தாள். எசேக்கியேலின் மனைவி சாகிற அதிகாரத்துக்கு அவள் வந்து சேரவில்லை.

போதகர் போன பிறகு அவளுடைய வேதாகமத்தை எடுத்து அந்த அதிகாரத்தை வாசித்தேன். அதை வாசித்தபோதுதான், மரத்துப்போன எனக்குள் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. அது ஆறுதல் இல்லை, கொலைவெறி. அந்த மனிதனுக்கு முன்கூட்டியே சொல்லப்படுகிறது. உன் கண்களுக்கு விருப்பமானவளை ஒரே அடியில் எடுத்துக்கொள்ளப் போகிறேன், நீ அழக்கூடாது, சத்தமில்லாமல் பெருமூச்சு விடு, தலைப்பாகையைக் கட்டு, செருப்பைப் போடு, துக்க வீட்டுக்குக் கொண்டுவருகிற சாப்பாட்டைச் சாப்பிடாதே. அவன் காலையில் ஜனங்களோடு பேசினான். சாயங்காலம் மனைவி செத்தாள். மறுநாள் காலை சொன்னபடி செய்தான். இவ்வளவுதான். அவளுக்கு அங்கே ஒரு பெயர்கூட இல்லை. எதற்காக எடுத்தாராம்? ஜனங்களுக்கு ஓர் அடையாளமாக. ஒரு பெண்ணின் உயிரை எடுத்துத்தான் அந்த ஜனங்களுக்கு ஒரு பாடம் சொல்ல வேண்டுமா? நான் அந்தப் புத்தகத்தை மூடி, துணி அலமாரிக்கு மேலே கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். பிறகு அடுத்த நாளும் ஏணி போட்டு எடுத்தேன். எரிந்த மோட்டரைக் கழற்றாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்படித்தான் அதைக் கழற்றினேன், வாரக்கணக்காக.

கழற்றக் கழற்ற ஒன்று தெரிந்தது. ஆற்றோரத்தில் இருந்த அந்த ஜனங்கள் எல்லாரும் சீக்கிரத்தில் ஊருக்குப் போய்விடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். எருசலேம் நிற்கிறது, கோயில் நிற்கிறது, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற ஆட்களும் இருந்தார்கள். அதை வாசித்ததும் எனக்கு உன் அம்மாவுடைய அப்பா ஞாபகம் வந்தார். உனக்குத் தெரியாது, நம் ஆட்களுக்கு ஊர் என்றால் நாம் இருக்கிற இடம் இல்லை. நாம் இருக்கிறது தோட்டம். ஊர் என்றால் இந்தியா. திருச்சிப் பக்கமோ மதுரைப் பக்கமோ, யாரும் கண்ணால் காணாத ஒரு கிராமம். நம் ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில், உன் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது, அவர்கள் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது. அடுத்த கப்பலில் போகிறோம் என்று சொல்லிச் சொல்லி, ஒழுகுகிற கூரையைக் கூட அவர்கள் வீட்டில் மாற்றவில்லை. ஊருக்குப் போகிறவனுக்கு எதற்குப் புதுத் தகரம்? நாட்டில் சண்டை தொடங்கிக் கப்பல் நின்றுபோனது. அவர் கல்யாணம் கட்டி, உன் அம்மா பிறந்து, அவள் பெரியபிள்ளையாகிற வரைக்கும் அந்தக் கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது. மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை மாறுவார்களாம். அவள் அதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். போய்ச் சேர்ந்தவர்களையும் அங்கே சிலோன்காரங்க என்றுதான் கூப்பிட்டார்களாம்.

இன்னொன்றும் தெரிந்தது. எசேக்கியேல் ஊமை. அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. வருஷக்கணக்காக அவனுடைய நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொல்லச் சொன்னதை மட்டும்தான் சொல்லுவான், வேறு பேச்சு இல்லை. மனைவி செத்தும் அழாமல் நிற்கிறவனைப் பார்த்து ஜனங்கள், இதற்கு எங்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறார்கள். உங்கள் கண்களுக்கு விருப்பமானதும் இப்படித்தான் போகப்போகிறது, நீங்களும் இப்படித்தான் அழவும் முடியாமல் நிற்பீர்கள் என்கிறான். பிறகு ஒருநாள் எருசலேமிலிருந்து தப்பித்த ஒருவன் வந்து சேருகிறான். நகரம் விழுந்துவிட்டது என்கிறான். அப்போதுதான் இவனுடைய வாய் முழுசாகத் திறக்கிறது. அந்தப் புத்தகத்தில் நல்ல வார்த்தைகளில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது, எலும்புகள் எழுந்து நிற்பதும், பாலைவனத்தில் தண்ணீர் ஓடுவதும். ஊர் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த வரைக்கும் அவர்கள் காதில் ஏறாதது, ஊர் இல்லை என்று தெரிந்த பிறகு ஏறுகிறது. அவனைக் கடவுள் எதற்காக அந்த ஆற்றோரத்தில் வைத்திருந்தார் என்றால், இதற்காகத்தான். திரும்பிப் போக ஒன்றும் இல்லை என்பதை, எல்லாவற்றையும் இழந்த ஒருவன் வாயிலிருந்து அவர்கள் கேட்க வேண்டும். இது எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் அவரை மன்னிக்கவில்லை.

இதையெல்லாம் நான் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று சொல்கிறேன். பதுளை பஸ் வந்து திரும்புகிற வளைவுக்கு நீ தினமும் போனாய். பார்வதி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்ப்பாய். பஸ் போன பிறகு, “இதுல வரல” என்று மட்டும் சொல்வாய். அழமாட்டாய். இந்த பஸ்ஸில் வரவில்லை என்றால் அடுத்த பஸ் இருக்கிறது. மழையிலும் போனாய். காய்ச்சல் வந்து கட்டிலில் கிடந்தபோது என்னை அனுப்பினாய். நான் போனேன், பாப்பா. போய் அந்த வளைவில் நின்று, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு, உன்னிடம் வந்து, “இதுல வரல” என்றேன். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அடுத்த வாரம் பண்டாரவளைக்குப் போய், கட்டாருக்கு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். உன்னைப் பண்டாரவளையிலேயே இருக்கிற உன் பெரியம்மா வீட்டில் விடுவது என்று அவரும் நானும் முடிவு செய்தோம். உன் எதிர்காலத்துக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். உன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் போக இருந்தேன்.

பெரியம்மா, அதாவது உன் அம்மாவின் அக்கா, உன்னைக் கூட்டிப்போக ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். எனக்கு மதினி. உனக்குப் புதுச் சட்டை கொண்டுவந்திருந்தார்.

“பாப்பா, பெரியம்மா கூட வர்றியா?”

“எங்க?”

“நம்ம வீட்டுக்கு. டீவி இருக்கு, வெளயாட அக்காங்க இருக்காங்க.”

“ஊருக்கா?”

மதினி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “ஆமாடி தங்கம், ஊருக்குத்தான்” என்றார்.

அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. புதுச் சட்டையை நீயே தலைவழியாக இழுத்துப் போட்டாய். வாசலுக்கு ஓடி, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “நா ஊருக்குப் போறேன்” என்றாய். பார்வதி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். “போயிட்டு வரும்போது எனக்கு என்னடி கொண்டாருவ?” என்று கேட்டார்.

“அம்மாவ” என்றாய்.

அவர் கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். நீ உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்து ஏறி, கண்ணாடி அலமாரியிலிருந்து உன் அம்மாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்தாய். “அம்மா இத விட்டுட்டுப் போயிருச்சு. இது இல்லாட்டி அதுக்கு வாசிக்க ஏலாது. பேப்பர்ல சுத்திக் குடுங்கப்பா, ஒடஞ்சிரும்” என்று என்னிடம் நீட்டினாய். நான் வாங்கினேன். பத்திரிகைத் தாளை மடித்துச் சுற்றினேன். டேப்பை எடுத்து ஒட்டத் தொடங்கினேன். அன்றைக்கும் கை நடுங்கவில்லை. நான் ஒழுங்காகச் சுற்றுகிறேனா என்று நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். பாதி டேப்பில் நிறுத்தினேன். இதை நீ பண்டாரவளைக்குக் கொண்டுபோவாய். அங்கே அம்மா இல்லை என்றதும் கேட்பாய். அவர்கள் இன்னொரு ஊரைச் சொல்வார்கள். அங்கேயும் ஒரு பஸ் வளைவு இருக்கும். நீ வளர்ந்து பெரியவளாகிற வரைக்கும், யாரும் வந்து சொல்லாத வரைக்கும், இந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு நிற்பாய்.

“பாப்பா,” என்றேன். “அம்மா ஊருக்குப் போகல.”

“எங்க போச்சு?”

“அம்மா செத்துப்போச்சு.”

“தம்பி, சும்மா இருங்க. பச்சப் புள்ளைக்கிட்ட போயி” என்றார் மதினி.

நீ என் வாயையே பார்த்தாய். “செத்துப்போச்சுன்னா?”

“மூச்சு நின்னுருச்சு. அதுக்கப்புறம் பேச ஏலாது, நடக்க ஏலாது. ஒடம்ப நாலாம் நம்பர் மலைக்குக் கீழ பொதச்சிட்டோம். அப்பாவும் மண்ணு போட்டேன். இனி வராது.”

“பஸ்லயும்?”

“பஸ்லயும் வராது.”

நீ என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி அதாலேயே என்னை அடித்தாய். பொய், பொய் என்று கத்தினாய். தூக்கப் போனபோது என் மணிக்கட்டைக் கடித்தாய். தடம் இன்னும் இருக்கிறது. லயத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். மதினி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எப்போதும் தம்பி என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர், “கல்லுடா ஒனக்கு நெஞ்சு. எந் தங்கச்சி ஒரு தடவதான் செத்தா, நீ இன்னொரு தடவ கொன்னுட்ட” என்றார். அவர் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. உன்னைத் தூக்க அவர் கை நீட்டியபோது நீ, கடித்த அதே கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கடைசி பஸ்ஸில் அவர் தனியாகப் போனார். மறுநாள் நான் ஏஜென்டிடம் போய்ப் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கினேன். இந்தச் சம்பளத்தில் எப்படி உன்னைப் படிக்கவைக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. மதினி இன்னும் என்னோடு பேசுவதில்லை. நீ வளர்ந்து அவரிடம் போனால், அவர் அழுத அழுகையில் என் பங்கும் இருந்தது என்று சொல். அன்றைக்கும் எனக்கு அழ வரவில்லை.

உன் அம்மா எதற்காகச் செத்தாள் என்று யாராவது உனக்கு அர்த்தம் சொன்னால் நம்பாதே. அதற்கு நான் அர்த்தம் தேடவில்லை, கிடைத்தாலும் வாங்கமாட்டேன். ஆனால் என்னை ஏன் மிச்சம் வைத்தார் என்று கேட்டால், அந்த ஒரு வார்த்தையை உன்னிடம் சொல்வதற்காக இருக்கலாம் என்று சில நாட்களில் நினைக்கிறேன். சில நாட்களில் அதையும் நினைப்பதில்லை. மோட்டர்களைப் பார்க்கிறேன், சோறு ஆக்குகிறேன், உன் தலையை வாருகிறேன். ஒன்றே ஒன்றுதான் உனக்குச் சொல்லத் தெரியும். நீ நேசிக்கிற ஒருவர், வராத பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டு நின்றால், பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளதைச் சொல். அடி விழும். வாங்கிக்கொள்.

மதினி போன அன்று சாயங்காலம் நீ அழுது ஓய்ந்து, விக்கல் எடுத்துக்கொண்டு என் மடியில் கிடந்தாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாய்.

“அப்ப ஊர்ல யாருப்பா இருக்கா?”

“யாரும் இல்ல, பாப்பா.”

இப்போது கண்ணைத் திறந்தாய். “அப்ப ஏன் எல்லாரும் ஊரு ஊருன்னு சொல்றாங்க?”

“எனக்குத் தெரியல” என்றேன். அன்றைக்கு நான் உன்னிடம் சொன்ன இன்னொரு உண்மை அது.